பக்கவாட்டில் நிறுத்துதல்

முதல் முறை தாளை நீட்டி
"ராசிப்" என்றார் போலீஸ்காரர்.
ராசி என்று என் காதில் விழ
சிரித்தபடி கைகூடக் கொடுத்துவிட்டேன்.
அரபியில் தோற்றவன் என்று பொருளாம்.
கேம்ப் வந்து சேரும்வரை குல்சமான் சிரித்தான்.

அஜ்மான், நுவைமியா.
தண்ணீர் வேனில் நான் ஹெல்பர்.
ஐந்து காலன் கேன், நாளைக்கு நூற்றிருபது.
வாரத்துக்கு ஒரு கட்டடத்திலாவது லிஃப்ட் ஓடாது.
ஓட்டுகிற குல்சமான் என்னைக் காசிம் என்கிறான்.
காசிலிங்கம் என்று திருத்தி அலுத்து
இப்போது காசிமுக்கும் திரும்பிப் பார்க்கிறேன்.
அவன் சீட்டுக்கும் என் சீட்டுக்கும் நடுவே
ஒரு கியர் கம்பி,
மாதம் எழுநூறு திர்ஹம்.

அலமாரிக் கதவின் உள்பக்கம்
அட்டைப்பெட்டி கிழித்து ஒட்டிய திட்டம்:
முதல் வருடம் லைசென்ஸ்.
இரண்டாம் வருடம் வேன்.
மூன்றாம் வருடம் வட்டிக்கடைப் பத்திரம்.
கீழே ஒரு கோடு, அதன்கீழ் இன்னொரு கோடு.
கையெழுத்து எனக்கு நன்றாக வரும்.
சட்டை எடுக்கத் திறக்கும்போதெல்லாம் படித்தேன்.
பதினான்கு மாதம்
படித்துவிட்டுச் சட்டையை எடுத்தேன்.

கம்பெனிக் கடிதத்துக்கு மேனேஜர் கையெழுத்து வேண்டும்;
மேனேஜர் மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தார்.
கண் சோதனையில் கண்ணாடி எழுதினார்கள்;
அதற்கு வைத்த காசில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினேன்.
பிறகு விசா புதுப்பிப்பு. நோன்பு மாதம். தங்கையின் வளைகாப்பு.
ஒவ்வொன்றும் உண்மை.
அதுதான் தொல்லை.
பொய்யாக இருந்திருந்தால்
ஒருநாளாவது வெட்கப்பட்டிருப்பேன்.

ஏசி ஒழுகி அட்டை ஒருநாள் பிய்ந்து தொங்கியது.
பசை இல்லை. திருப்பிப் போட்டு
காய்ந்த பக்கத்தில் எழுதினேன்:
"செவ்வாய் காலை 5.40. பெட்ரோல் பங்க் எதிரில்.
போட்டோ நான்கு."
வருடம் என்ற சொல்லே அதில் இல்லை.
செவ்வாய் 5.40க்கு
பங்க் எதிரில் நின்றேன், போட்டோ நான்கோடு.

வகுப்புக்கு அரைமணிக்கு அரைமணி காசு.
டிராலிக்குக் காசில்லை.
ஆறு கேனோடு அதைப் பின்னுக்கு இழுத்து
ஒன்பதாம் மாடி நடையில்
செருப்பு ஸ்டாண்டுக்கும் ஏதோ பிள்ளையின் சைக்கிளுக்கும் நடுவே
பக்கவாட்டில் நிறுத்திப் பழகினேன்.
கதவைத் திறந்த எகிப்துக்கார அம்மா
கேனை மறந்து பார்த்து நின்று
இன்னும் கொஞ்சம் இடது என்று கைகாட்டினார்.

இரவில் மேல்கட்டிலில்
எவர்சில்வர் தட்டு ஸ்டியரிங், கால்மாட்டுக் கம்பி கிளட்ச்.
கீழ்க்கட்டிலிலிருந்து ஜெபமணி:
"அண்ணே, மூணாவது கியரைப் போட்டுத் தொலைங்க.
ரெண்டுல கட்டில் ரொம்ப முனகுது."

இரண்டாவது முறை ரவுண்டானாவில் இஞ்சின் நின்றது.
மூன்றாவதில் வேகம் போதவில்லை.
நான்காவதில் வேகம் அதிகம்.
ஐந்தாவதில் மழை.
அஜ்மானில் வருடத்துக்கு நாலு நாள் பெய்வது
அன்று என் கண்ணாடியைத் தேடி வந்து பெய்தது.
வைப்பர் என்று எதையோ திருகினேன்,
விளக்கு எரிந்தது.
ராசிப். இப்போது உச்சரிப்புச் சுத்தமாக
நானே சொல்லிவிடுகிறேன், அவருக்கு முன்னால்.

ஒன்று மட்டும் கற்றுக்கொண்டேன்.
அடுத்த தேதியைக் கவுண்டரிலேயே வாங்கிவிட வேண்டும்.
வெயிலில் பத்தடி நடந்தால்
மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும்.

இன்று ஆறாவது.
பின்சீட்டில் மூன்று பேர்,
ஒருவன் கண்மூடி எதையோ ஓதுகிறான்.
பரிசோதகர் பட்டியலைப் பார்த்து
"யல்லா, காசி... காசி..." என்று பாதியில் நிற்கிறார்.
காசிலிங்கம், சார்.

எனக்கு முன் ஓட்டியவன் நெட்டை போலிருக்கிறது.
கிளட்ச் எட்டவில்லை.
பொறுங்கள்,
முதலில் சீட்டை முன்னால் இழுத்துக்கொள்கிறேன்.